கறுப்புக்குள் கறுப்பு!

சக்கரமே கிடையாதுங்க! களிமண்ணைக் கயிறாகத் திரித்து, சுற்றிச் சுற்றி அடுக்கியே பானை. அமெரிக்காவில், நியூ மெக்ஸிகோவின் பியூப்லோ பூர்வகுடிகள் காலங்காலமாக அப்படித்தான் வனைகிறார்கள்.

சான் இல்டெஃபான்ஸோ கிராமத்து மரியா மார்ட்டினெஸ் பானை செய்து, கூழாங்கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்குவார். கணவர் ஜூலியன் அதன்மேல் களிமண் கரைசலால் சித்திரம் போடுவார். சுடும்போது குதிரைச் சாணப் பொடியைக் கொட்டி நெருப்பை மூடினால், புகை ஏறிச் செம்மண் கன்னங்கரேல்! சித்திரம் மட்டும் மங்கல் கறுப்பு. 1919 வாக்கில் பிடிபட்ட வித்தை இது.

மரியா கையெழுத்துக்கு மவுசு கூடியதும், அம்மாள் மற்ற பெண்களின் பானைகளிலும் தன் பெயரையே எழுதிக் கொடுத்தாராம்! அசலைத் தேடும் சேகரிப்பாளர்கள் பாடு திண்டாட்டம். எனக்கென்னவோ அதுதான் நியாயமாகப் படுகிறது. மண் ஊர் மண்தானே?