மாஸ்டர் ஹெல்த் செக்கப் போறீங்களா? முந்தைய நாள் ராத்திரி முதல் ரிப்போர்ட் வாங்கும் வரை கவனிக்க வேண்டியவை

மாஸ்டர் ஹெல்த் செக்கப்புக்கு தேதி வாங்கியாச்சு. பணமும் கட்டியாச்சு. ‘காலையில வெறும் வயித்துல வந்துடுங்க’ன்னு சொல்லி அனுப்பியாச்சு. பெரும்பாலானவர்களுக்கு செக்கப் தயாரிப்பு என்பது இதோடு முடிந்துவிடுகிறது.

ஆனால் ரிப்போர்ட்டில் வரும் எண்களை மாற்றும் விஷயங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. முந்தைய நாள் சாப்பிட்ட மட்டன், ஜிம்மில் தூக்கிய எடை, முடி கொட்டுவதற்குப் போடும் மாத்திரை, பிபி பார்க்கும்போது பேசிய பேச்சு என எல்லாமே இந்தப் பட்டியலில் உண்டு.

ரிப்போர்ட் தப்பாக வந்தால் இரண்டு விதமாகச் சிக்கல். இல்லாத நோய் இருப்பதாகக் காட்டினால் வீண் பயம், வீண் ஸ்கேன், வீண் செலவு. இருக்கிற நோயைக் காட்டாமல் விட்டால் அது இன்னும் ஆபத்து. ‘எல்லாம் நார்மல்’ என்ற நம்பிக்கையில் ஒரு வருடம் ஓடிவிடும். அதனால், செக்கப்புக்கு முன்பும் அன்றைக்கும் என்ன செய்யணும், என்ன செய்யக்கூடாது என்று வரிசையாகப் பார்க்கலாம்.

எந்த பேக்கேஜ் எடுப்பது?

80 டெஸ்ட், 100 டெஸ்ட் என்ற விளம்பரத்தைப் பார்த்து பெரிய பேக்கேஜை எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. வயது, எடை, குடும்பத்தில் யாருக்கு என்ன நோய், புகை, மதுப் பழக்கம் ஆகியவற்றை வைத்துத்தான் டெஸ்ட்டை முடிவு செய்யணும். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ சின்ன வயதில் ஹார்ட் அட்டாக் வந்திருந்தால் டாக்டரிடம் அதை முதலில் சொல்லுங்க.

சில பேக்கேஜ்களில் சிஏ 125, சிஇஏ போன்ற ‘கேன்சர் மார்க்கர்’ ரத்தப் பரிசோதனைகளும் சேர்க்கப்படுகின்றன. எந்த அறிகுறியும் இல்லாத சாதாரண ஆளுக்கு கேன்சரைக் கண்டுபிடிக்க இவை ஏற்ற பரிசோதனைகள் இல்லை. கேன்சர் இல்லாதவர்களுக்கும் இவை கூடலாம், இருப்பவர்களுக்கும் நார்மலாக வரலாம்.

செலவு பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு அரசு வழிகளும் உண்டு. 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு சர்க்கரை, பிபி, வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் புற்றுநோய்க்கான ஆரம்பகட்டப் பரிசோதனை அரசு சுகாதார நிலையங்களில் இலவசம். சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் 2016ல் முழு உடல் பரிசோதனை மையம் தொடங்கியபோது ரூ.1,000, ரூ.2,000, ரூ.3,000 என மூன்று பேக்கேஜ்கள் இருந்தன. இப்போதைய கட்டணத்தை போகும் முன் விசாரித்துக்கொள்ளலாம். 2025 ஆகஸ்ட் 2 அன்று தொடங்கப்பட்ட ‘நலம் காக்கும் ஸ்டாலின்’ முகாம்களிலும் ரத்தப் பரிசோதனை, இசிஜி உள்ளிட்டவை இலவசமாகச் செய்யப்பட்டன.

ஒரு வாரத்துக்கு முன்...

- காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு இருந்தால் தேதியைத் தள்ளிப் போடுங்க. நோய்த்தொற்று இருக்கும்போது வெள்ளை அணுக்கள், இஎஸ்ஆர், சர்க்கரை, கொலஸ்ட்ரால் எல்லாமே மாறும். உடம்பு முழுசா தேறிய பிறகு போவதே நல்லது.
- முடி, நகம் வளர எடுக்கும் பல மாத்திரைகளில் பயோட்டின் இருக்கிறது. இது தைராய்டு உள்ளிட்ட சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவை தப்பாகக் காட்ட வைக்கும். அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ 2017லேயே இதைப் பற்றி எச்சரித்தது. தைராய்டு டெஸ்ட்டுக்குக் குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள். அதிக டோஸ் எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளணும்.
- செக்கப் வருதேன்னு ஒரு வாரம் மட்டும் ஸ்வீட்டை நிறுத்தி, பட்டினி கிடப்பது வேண்டாம். எப்பவும் சாப்பிடுவது போலவே சாப்பிடுங்க. வெறும் வயிற்று சர்க்கரை ஒரு வாரக் கட்டுப்பாட்டில் கொஞ்சம் இறங்கலாம். ஆனால் 2 முதல் 3 மாத சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அப்படி ஏமாறாது. வழக்கமான வாழ்க்கையில் உடம்பு எப்படி இருக்கு என்று பார்க்கத்தானே செக்கப்?

முந்தைய நாள் ராத்திரி

சர்க்கரைப் பரிசோதனைக்குக் குறைந்தது 8 மணி நேரம், கொழுப்புப் பரிசோதனைக்கு 9 முதல் 12 மணி நேரம் சாப்பிடாமல் இருக்கச் சொல்வது வழக்கம். காலை 8 மணிக்கு ரத்தம் கொடுக்கணும் என்றால் ராத்திரி 8 முதல் 9 மணிக்குள் சாப்பாட்டை முடித்துவிடலாம். ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று 15, 16 மணி நேரம் பட்டினி கிடப்பதும் தப்புதான். அதுவும் முடிவுகளை மாற்றும்.

மெனு எளிமையாக இருக்கட்டும். இட்லி, சப்பாத்தி, தயிர் சாதம் போதும். மட்டன், சிக்கன் நிறைய சாப்பிட்டால் சிறுநீரகத்தைப் பற்றிச் சொல்லும் கிரியேட்டினின் அளவு தற்காலிகமாகக் கூடும். மது அருந்தினால் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பும், கல்லீரல் பரிசோதனை எண்களும் ஏறும். குறைந்தது ஒரு நாள், முடிந்தால் 2, 3 நாள் முன்பே நிறுத்துவது நல்லது.

ஜிம்முக்குப் போகிறவர்கள் அதற்கு முந்தைய 2 நாள் கடுமையான பயிற்சியைத் தவிர்க்கணும். கல்லீரல் டெஸ்ட்டில் பார்க்கும் எஸ்ஜிஓடி என்ற நொதி தசையிலும் இருக்கிறது. எடை தூக்கி தசை வலிக்கும்போது டெஸ்ட் எடுத்தால், நல்லா இருக்கிற கல்லீரலுக்குக் கெட்ட பேர் வந்துவிடும்!

காலையில் காபி குடிக்கலாமா?

கூடாது. சர்க்கரை போடாத பிளாக் காபி, கிரீன் டீயும் வேண்டாம். இளநீர், ஜூஸ், நீராகாரம், சூயிங் கம், வெற்றிலை பாக்கு, சிகரெட் எதுவும் கூடாது. காலை வாக்கிங்குக்கும் அன்றைக்கு லீவு விடுங்க.

தண்ணீர் குடிக்கலாம், குடிக்கணும். தண்ணீரே குடிக்காமல் போனால் ரத்தம் எடுக்க நரம்பு கிடைப்பது கஷ்டம், தலைசுற்றலும் வரலாம்.

மாத்திரை போடலாமா, கூடாதா?

அதிகம் பேர் தடுமாறுவது இங்கேதான். எந்த மாத்திரையை எப்போது போடணும் என்று உங்க டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்க. பொதுவாகச் சொல்லப்படுவது இது.

- சர்க்கரை மாத்திரை, இன்சுலின்: வெறும் வயிற்றில் வேண்டாம். சாப்பிடாமல் போட்டால் சர்க்கரை திடீரென இறங்கிவிடும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே ஊழியரிடம் சொல்லி, சர்க்கரையோ குளுக்கோஸோ சாப்பிட்டுவிடணும். அந்த நேரத்தில் டெஸ்ட்டைப் பற்றி யோசிக்கக்கூடாது. ராத்திரி இன்சுலின் போடுபவர்கள் அளவை டாக்டரிடம் கேட்கணும்.
- பிபி, இதய மாத்திரை: பெரும்பாலும் கொஞ்சம் தண்ணீரில் வழக்கம்போல போடச் சொல்வார்கள். ட்ரெட்மில் டெஸ்ட் இருந்தால் மட்டும் சில மாத்திரைகளை நிறுத்தச் சொல்லலாம். அதை டாக்டர்தான் முடிவு செய்யணும்.
- தைராய்டு மாத்திரை: பொதுவாக ரத்தம் கொடுத்த பிறகு போடச் சொல்வார்கள்.
- ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை: நீங்களாக ஒரு நாள்கூட நிறுத்தக்கூடாது.

இன்னொரு விஷயம். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு சிறுநீரில் சர்க்கரை இருப்பதாக ரிப்போர்ட் வரும். பயப்பட வேண்டாம். சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவதுதான் அந்த மருந்தின் வேலையே.

சாப்பிட்ட பிறகு எடுக்கும் சர்க்கரை டெஸ்ட்டில் நடக்கும் தப்பு

முதல் ரத்தம் கொடுத்ததும் டிபன் சாப்பிட்டு, 2 மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுப்பார்கள். இந்த 2 மணி நேரத்தை முதல் வாய் சாப்பிட்ட நேரத்தில் இருந்து கணக்கு வைக்கணும். சாப்பிட்டு முடித்த நேரத்தில் இருந்து அல்ல.

எண் கூடிடுமோன்னு பயந்து ஒரே ஒரு இட்லியோடு நிறுத்துவது, இடைவெளியில் வேக வேகமாக நடப்பது இரண்டும் வேண்டாம். வீட்டில் வழக்கமாகச் சாப்பிடும் அளவு சாப்பிடுங்க. ஏற்கெனவே சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள், டாக்டர் வேறு மாதிரி சொல்லாவிட்டால், வழக்கமான மாத்திரையை டிபனோடு போட்டுக்கொள்ளணும். மாத்திரை சரியாக வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த டெஸ்ட்.

ஸ்கேன், யூரின்: வரிசை முக்கியம்

வயிற்று ஸ்கேனில் பித்தப்பை தெளிவாகத் தெரிய வெறும் வயிறு வேண்டும். சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும். அதனால் டிபனுக்கு முன்பே ஸ்கேனை முடிக்கப் பாருங்க. அதே ஸ்கேனில் கர்ப்பப்பை, புராஸ்டேட் பார்க்க சிறுநீர்ப்பை நிறைந்திருக்கணும். யூரின் சாம்பிளை முதலில் கொடுத்துவிட்டு, பிறகு தண்ணீர் குடித்துக் காத்திருந்தால் அலைச்சல் மிச்சம்.

யூரின் சாம்பிள் கொடுக்கும்போது முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடிக்கணும். ட்ரெட்மில் டெஸ்ட் இருந்தால் லேசாகச் சாப்பிட்டு 2, 3 மணி நேரம் கழித்துச் செய்வது நல்லது. நடக்க வசதியான ஷூ எடுத்துப் போங்க.

பிபி பார்க்கும்போது பேசாதீங்க

மாடிப்படி ஏறி வந்த உடனே பிபி பார்த்தால் அது சரியான எண்ணாக இருக்காது. 5 நிமிடம் அமைதியாக உட்காரணும். முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்கணும், கால் தரையில் பதிந்திருக்கணும், கை இதயத்தின் உயரத்தில் இருக்கணும். சிறுநீரை அடக்கிக்கொண்டோ, பேசிக்கொண்டோ இருந்தால் பிபி கூடுதலாகக் காட்டும். அதனால் ஸ்கேனுக்காகத் தண்ணீர் குடிக்கும் முன்பே, அல்லது ஸ்கேன் முடித்து பாத்ரூம் போய் வந்த பிறகு பிபி பாருங்க.

உடை, நகை

கையை எளிதாக மடக்கக்கூடிய, மேல் கீழ் தனித்தனியான உடை வசதி. எக்ஸ்ரேவுக்கு சங்கிலி, ஊக்கு, உலோக ஹூக் எல்லாம் கழற்ற வேண்டியிருக்கும். நகையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நிம்மதி. மார்பில் எண்ணெய், லோஷன் தடவினால் இசிஜி ஒயர் சரியாக ஒட்டாது.

பெண்கள் கவனிக்க

- மாதவிடாய் நாட்களில் யூரின் டெஸ்ட், பேப் ஸ்மியர் இரண்டையும் தவிர்க்கணும்.
- பேப் ஸ்மியருக்கு 48 மணி நேரம் முன்பிருந்து உடலுறவு, உள்ளே வைக்கும் மாத்திரை, கிரீம் வேண்டாம்.
- மேமோகிராம் அன்று அக்குளில், மார்பில் பவுடர், டியோடரண்ட் போடக்கூடாது. படத்தில் அது புள்ளியாகத் தெரியலாம். மாதவிடாய் முடிந்த அடுத்த வாரம் எடுத்தால் வலி குறைவு.
- கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலே, எக்ஸ்ரே எடுக்கும் முன் சொல்லிவிடணும்.

ரிப்போர்ட்டில் தடித்த எழுத்து வந்தால்?

உடனே கூகுளில் தேட வேண்டாம். பெரும்பாலான ரத்தப் பரிசோதனைகளில் ‘நார்மல்’ அளவு என்பது, ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேருக்கு இருக்கும் அளவை வைத்து முடிவு செய்யப்படுகிறது. அப்படியென்றால் நல்லா இருக்கிற 20 பேரில் ஒருவருக்கு அந்த எண் வெளியேதான் இருக்கும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட் எடுத்தால், ஆரோக்கியமான ஒருவருக்கு ஏதாவது ஒன்றாவது தப்பாக வர சுமார் 64 சதவீதம் வாய்ப்பு உண்டு. இது வெறும் கணக்கு.

அதற்காக அலட்சியமும் கூடாது. வெறும் வயிற்று சர்க்கரை 100க்குக் கீழே நார்மல். 100 முதல் 125 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை. 126 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. ஹெச்பிஏ1சியில் 5.7 முதல் 6.4 வரை முந்தைய நிலை, 6.5 முதல் நீரிழிவு. அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு ஒரே ஒரு எண்ணை வைத்து நீரிழிவு என்று முடிவு கட்டுவதில்லை. இன்னொரு டெஸ்ட்டிலும் உறுதி செய்யணும். ரத்தசோகை இருந்தால் ஹெச்பிஏ1சி மாறிக் காட்டலாம் என்பதால் ஹீமோகுளோபின் அளவையும் சேர்த்தே டாக்டர் பார்ப்பார்.

பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்துப் போவது ரொம்ப முக்கியம். கிரியேட்டினின் போன வருடம் 0.8, இந்த வருடம் 1.2 என்றால் இரண்டுமே லேப் சொல்லும் நார்மலுக்குள் இருக்கலாம். ஆனால் அது ஏறியிருக்கிறது என்பது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

‘எல்லாம் நார்மல்’ என்றால் மாத்திரையை நிறுத்தலாமா?

நிறுத்தவே கூடாது. பிபி மாத்திரை போடுபவருக்கு பிபி நார்மலாக வந்திருக்கிறது என்றால், மாத்திரை வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். ரிப்போர்ட்டைப் பார்த்து சந்தோஷத்தில் அதை நிறுத்தினால், பிபி சத்தமில்லாமல் மறுபடி ஏறும்.

அதேபோல, படுத்திருக்கும்போது எடுத்த இசிஜி நார்மலாக இருந்தாலும் இதய ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கவே முடியாது என்று சொல்ல முடியாது. செக்கப் முடித்து பத்தே நாள் ஆகியிருந்தாலும், நெஞ்சு வலியோ, நடந்தால் மூச்சு வாங்குவதோ, காரணமில்லாமல் எடை குறைவதோ இருந்தால் பழைய ரிப்போர்ட்டைக் காட்டி சமாதானம் ஆகக்கூடாது. நெஞ்சு வலி என்றால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல், உடனே 108ஐ அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்.