கட்டை விரல் வலியும் கடன் வாங்கிய மாத்திரையும்

யூரிக் அமில மாத்திரை சாப்பிடும் வணிகர்கள் அறிய வேண்டியவை

முதல் நாள் உறவினர் வீட்டுக் கல்யாணம். மட்டன் பிரியாணி, அதற்கு மேல் நண்பர்களோடு பீர். மறுநாள் விடிவதற்குள் மார்க்கெட்டுக்குப் போய்ச் சரக்கு எடுக்க வேண்டும். ஆனால் காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. கால் கட்டை விரலின் அடி மூட்டு சிவந்து, வீங்கி, நெருப்பாய்க் கொதிக்கிறது. போர்வை பட்டாலே உயிர் போகிறது. எப்படியோ நொண்டிக்கொண்டு கடைக்கு வந்து ஷட்டரைத் தூக்கினால், பக்கத்துக் கடைக்காரர், "எனக்கும் இதேதான் அண்ணாச்சி, இந்த மாத்திரையைப் போடுங்க" என்று தன் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டுகிறார்.

நமது கடைத்தெருக்களில் இது சர்வ சாதாரணம். அந்த அன்பில் குறையில்லை. ஆனால் அந்த அட்டையில் ஆபத்து உண்டு. அதைப் பற்றியே இக்கட்டுரை.

யூரிக் அமிலம் என்பது என்ன?

நம் உடலில் உள்ள பியூரின் என்னும் பொருள் சிதையும்போது உண்டாகும் கழிவே யூரிக் அமிலம். இதைச் சிறுநீரகம்தான் பெருமளவு வெளியேற்றுகிறது. வரத்து கூடினாலோ, வெளியேற்றம் குறைந்தாலோ இருப்பு ஏறிவிடும். பெரும்பாலானோருக்கு வெளியேற்றம் குறைவதே காரணம். இரத்தத்தில் டெசிலிட்டருக்குச் சுமார் 6.8 மில்லிகிராமுக்கு மேல் போனால், அது ஊசி போன்ற படிகங்களாக மூட்டில் தங்க முடியும். இப்படி வருவதே கௌட் என்னும் மூட்டுவாதம்.

ஆட்டு ஈரல், இறைச்சி, மத்தி, நெத்திலி, மது (முக்கியமாக பீர்), சர்க்கரை மிகுந்த குளிர்பானங்கள் ஆகியவை இதைத் தூண்டும். மளிகைக் கடைக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பருப்பு வகைகளின் மீது பழி போடுவது நம்மிடையே வழக்கம். ஆனால் தாவர உணவிலுள்ள பியூரின் இந்த நோயைக் கூட்டுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. சாம்பாரை அறவே ஒதுக்க வேண்டியதில்லை.

எல்லோருக்கும் மாத்திரை தேவையா?

தேவையில்லை. பொதுப் பரிசோதனையில் யூரிக் அமிலம் சற்றுக் கூடுதலாக வந்தது, ஆனால் வலியே வந்ததில்லை என்றால், பெரும்பாலோருக்கு மாத்திரை வேண்டாம். அடிக்கடி வலி வருபவர்கள், மூட்டில் கட்டி தோன்றியவர்கள், சிறுநீரகக் கோளாறோ சிறுநீரகக் கல்லோ உள்ளவர்கள் ஆகியோருக்கே மருத்துவர் இதை யோசிப்பார். கடும் வலி நேரத்தில் எடுத்த இரத்தப் பரிசோதனை சரியான அளவைக் காட்டாமலும் போகலாம். வலி தணிந்து இரண்டு வாரம் கழித்து மீண்டும் பார்ப்பது நல்லது.

சிறிய அளவில் தொடக்கம்

யூரிக் அமிலத்தைக் குறைக்க முதலில் எழுதப்படுவது அல்லோபியூரினால். பல பத்தாண்டுப் பழக்கமுள்ள, விலை குறைந்த, நல்ல மருந்து. இதை நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் அல்லது அதற்கும் குறைவாகத் தொடங்க வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இன்னும் குறைவு. பிறகு சில வாரங்களுக்கு ஒரு முறை இரத்தத்தைப் பார்த்துப் படிப்படியாக ஏற்றி, அளவை 6க்குக் கீழ் கொண்டுவர வேண்டும். பக்கத்துக் கடைக்காரர் 300 மில்லிகிராம் சாப்பிடுகிறார் என்றால், அவர் அந்த அளவுக்குப் படியேறி வந்தவராக இருக்கலாம். முதல் நாளே அதை நாம் விழுங்கக் கூடாது.

காரணம் இதுதான். அரிதாகச் சிலருக்கு இம்மருந்து கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும். பெரும்பாலும் முதல் இரண்டு மாதத்துக்குள் இது வரும். உடலில் தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவத்தல், தோல் உரிதல் ஆகியவை அறிகுறிகள். உயிருக்கே உலை வைக்கக்கூடியது. தொடக்க அளவு கூடினாலும், சிறுநீரகம் பழுதாயிருந்தாலும் ஆபத்து ஏறும். தோலில் சிறு தடிப்பு கண்டாலும் மாத்திரையை உடனே நிறுத்தி அன்றே டாக்டரைப் பாருங்கள். வியர்க்குரு என்று எண்ணிப் பவுடர் பூசிக்கொண்டு கல்லாவில் உட்காராதீர்கள்.

சீனர், கொரியர், தாய்லாந்து மக்கள் ஆகியோரிடம் இந்த ஆபத்தைக் கூட்டும் ஒரு மரபணு அதிகம் காணப்படுகிறது. அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் கழகம் 2020இல், அவர்களுக்கு முன்கூட்டியே பரிசோதனை செய்யப் பரிந்துரைத்தது. அந்தப் பட்டியலில் நாம் இல்லை என்பதால் நமக்கு ஒவ்வாமையே வராது என்று பொருளல்ல.

தொடங்கியதும் வலி வருகிறதே?

பலர் மருந்தை நிறுத்துவது இந்த இடத்தில்தான். படிந்த படிகங்கள் கரையத் தொடங்கும்போது மூட்டு மறுபடி வீங்கலாம். இதைத் தடுக்கவே முதல் மூன்று முதல் ஆறு மாதம் கோல்சிசின் என்ற மாத்திரையைச் சிறிய அளவில் கூடவே தருவார்கள். இடையில் வலி வந்தாலும் அல்லோபியூரினாலை நிறுத்த வேண்டாம். வலி போனதும் நிறுத்தவும் வேண்டாம். கணக்கை வாரம் இரண்டு நாள் மட்டும் எழுதினால் பேரேடு என்ன ஆகுமோ, அதேதான் இங்கும்.

கோல்சிசின் நமக்கு அயலான சரக்கல்ல. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பகுதிகளில் பயிராகும் கண்வலிக்கிழங்கின் விதையிலிருந்து எடுக்கப்படுவது இதுவே. நமது மாநில மலரான செங்காந்தளும் அதே செடிதான். அந்தக் கிழங்கை உண்டு உயிர் துறந்தவர்கள் உண்டு என்பது கிராமத்தார் அறிந்த உண்மை. மாத்திரையும் அளவு மீறினால் நஞ்சே. வயிற்றுப்போக்கு முதல் எச்சரிக்கை. கிளாரித்ரோமைசின் போன்ற சில மருந்துகளோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

டாக்டரிடம் மறைக்கக் கூடாதவை

ஒன்று: சிறுநீரகக் கோளாறு. இந்நிலையில் வலிக்காக டைக்ளோஃபினாக் போன்றவற்றைக் கடையில் கேட்டு வாங்கி விழுங்குவது மேலும் கெடுக்கும்.

இரண்டு: அசாதையோப்ரின். சிறுநீரக மாற்று சிகிச்சை பெற்றவர்கள் இதைச் சாப்பிடுவதுண்டு. இது உடலில் சிதைவதை அல்லோபியூரினால் தடுத்துவிடும். மருந்து மிஞ்சி இரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையும்.

மூன்று: இதய நோய். மற்றொரு மருந்தான ஃபெபுக்சோஸ்டாட், இதய நோயாளிகளிடம் இதயம் சார்ந்த இறப்பைக் கூட்டுவதாக 2018இல் ஓர் ஆய்வு காட்டியது. 2019இல் அமெரிக்க அரசு எச்சரிக்கை விடுத்தது. 2020இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் அவ்வாறு தெரியவில்லை. எனவே ஸ்டென்ட் வைத்தவர்கள், மாரடைப்பு வந்தவர்கள் அதைச் சொல்லியே மருந்து பெற வேண்டும்.

நான்கு: இரத்த அழுத்த மாத்திரை. நீர் பிரிக்கும் சில மாத்திரைகள் யூரிக் அமிலத்தை ஏற்றும். தாமாக நிறுத்தாமல், மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

காலை முதல் இரவு வரை கல்லாவில் அமர்ந்து, தண்ணீர் குடிக்கக்கூட எழாத தொழில் நம்முடையது. ஒரு சொம்புத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இனி அண்டைக் கடைக்காரர் நொண்டி வந்தால் மாத்திரை அட்டையை நீட்ட வேண்டாம். அரை மணி நேரம் அவர் கடையைப் பார்த்துக்கொண்டு, அவரை டாக்டரிடம் அனுப்பி வையுங்கள். அதுவே உண்மையான உதவி.