அமெரிக்க மால்கள் சாய்ந்த கணக்கு

அமெரிக்காவில் மால்கள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன என்ற செய்தி பல ஆண்டுகளாக நம் காதில் விழுந்து கொண்டிருக்கிறது. காரணம் கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "ஜனங்கள் ஆன்லைனில் வாங்க ஆரம்பித்து விட்டார்கள்." இந்தப் பதிலில் உண்மை இருக்கிறது, ஆனால் பாதி உண்மைதான். மற்றப் பாதி வாடகையைப் பற்றியது. வாடகைக் கட்டடத்தில் கடை நடத்தும் நம் வணிகப் பெருமக்கள் அறிந்துகொள்ள வேண்டிய பாதியும் அதுதான் என்பதால் சற்று விரிவாகவே பார்ப்போம்.

முதலில் புள்ளிவிவரம். அமெரிக்க அரசின் கணக்கெடுப்புத் துறை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சில்லறை விற்பனைக் கணக்கை வெளியிடுகிறது. 2000ஆம் ஆண்டில் நூறு டாலர் சில்லறை விற்பனையில் ஆன்லைனில் நடந்தது ஒரு டாலருக்கும் குறைவு. 2019இல் அது ஏறத்தாழ 11 டாலர். கொரோனாவுக்குப் பிறகு, 2024இல், சுமார் 16 டாலர். அதாவது இத்தனை ஆர்ப்பாட்டத்துக்குப் பிறகும் 84 டாலர் கடைகளில்தான் புழங்குகிறது. கார், பெட்ரோல், மளிகை எல்லாம் சேர்ந்த கணக்கு இது என்பதை மறந்துவிடக் கூடாது. துணி, புத்தகம், பொம்மை, மின்னணுச் சாமான் ஆகியவற்றில் ஆன்லைனின் பங்கு இதைவிட மிக அதிகம். மால்களில் விற்றவையும் பெரும்பாலும் இந்தச் சரக்குகள்தாம்.

ஆனால் இன்னொரு செய்தியையும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1950களுக்குப் பிறகு, கூரை போட்ட புதிய மால் ஒன்றுகூடத் திறக்கப்படாத முதல் ஆண்டு 2007. அந்த ஆண்டில் ஆன்லைன் விற்பனை நூற்றுக்கு நான்கு டாலரைக்கூட எட்டவில்லை. ஆக, நோய் அதற்கு முன்பே உடம்பில் ஏறிவிட்டது.

இரண்டு பெரிய கடையும் எழுபது சின்னக் கடையும்

கூரை போட்ட மாலை முதலில் வடிவமைத்தவர் விக்டர் குரூயன் என்ற கட்டடக் கலைஞர். ஆஸ்திரியாவின் வியன்னா நகரத்துக்காரர், யூதர். 1938இல் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் புகுந்தபோது தப்பி அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர். கடைவீதியில் நடந்து பழகிய அவருக்கு, எதற்கெடுத்தாலும் காரில் ஏறும் அமெரிக்கப் புறநகர் வாழ்க்கை பிடிக்கவில்லை. ஜனங்கள் நடந்து, உட்கார்ந்து, பேசி, வாங்கிப்போக ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தார். மின்னசோட்டா மாநிலத்தில், ஈடைனா என்ற ஊரில், 1956 அக்டோபரில் 'சவுத்டேல்' திறக்கப்பட்டது. வெளியே பனி கொட்டினாலும் வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஒரே சீரான தட்பவெப்பம். நடுவில் பெரிய முற்றம். சுற்றிலும் எழுபதுக்கு மேற்பட்ட கடைகள்.

சவுத்டேலில் டேட்டன்ஸ், டொனால்ட்சன்ஸ் என்ற இரண்டு பெரிய டிபார்ட்மெண்ட் ஸ்டோர்கள் இருந்தன. இரண்டும் பரம போட்டியாளர்கள்! கட்டியவர்கள் டேட்டன்ஸ்காரர்கள், அவர்களே போட்டிக் கடையையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து வைத்தார்கள். அங்கே இது பெரிய அதிசயமாகப் பேசப்பட்டது. ஒரே வியாபாரம் செய்பவர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் கூட்டம் கூடும் என்பது நம் ரங்கநாதன் தெருவுக்கும் சௌகார்பேட்டைக்கும் புதிய செய்தி அல்ல.

அதன் பின் எழுந்த மால்கள் எல்லாம் இதே அமைப்பில் எழுந்தன. இரண்டு முனைகளிலும், சில இடங்களில் நான்கு முனைகளிலும், பெரிய கடை. இடைப்பட்ட பாதையில் சின்னக் கடைகள். பெரிய கடையை 'ஆங்க்கர்' என்பார்கள். நாம் தலைக்கடை என்று சொல்லிக்கொள்வோம். ஒரு தலைக்கடையிலிருந்து இன்னொன்றுக்கு நடக்கிற வாடிக்கையாளர், வழியில் உள்ள செருப்புக் கடையையும் நகைக் கடையையும் பார்க்காமல் போக முடியாது.

இனி வாடகைக்கு வருவோம். கூட்டத்தை இழுத்து வருவது தலைக்கடை. ஆகவே மால்காரர் அதனிடம் மிகக் குறைந்த வாடகையே வாங்குவார். பல இடங்களில் அந்தக் கட்டடமும் மனையும் தலைக்கடையின் சொந்தமாகவே இருக்கும். வாடகைச் சுமை முழுவதும் இடையில் உள்ள சின்னக் கடைகளின் தலையில். சதுர அடிக்கு இத்தனை டாலர் என்று அடிப்படை வாடகை; விற்பனை ஒரு வரம்பைத் தாண்டினால் அதற்கு மேல் நூற்றுக்கு இவ்வளவு என்று பங்கு; அது போக, துப்புரவு, காவல், விளக்கு, குளிர்சாதனம் என்று பொதுச் செலவில் ஒரு பங்கு. விற்பனையில் பங்கு என்பதால் கணக்கையும் மால்காரரிடம் காட்டியாக வேண்டும். கட்டட உரிமையாளரிடம் கல்லாக் கணக்கைக் காட்ட நம்மில் எத்தனை பேர் சம்மதிப்போம்?

சின்னக் கடைக்காரரும் ஏமாளி அல்ல. "தலைக்கடை இருக்கிறது என்று நம்பித்தான் இந்த வாடகை தருகிறேன். அது மூடப்பட்டால் வாடகையைப் பாதியாக்க வேண்டும், அல்லது நான் காலி செய்துகொள்வேன்" என்று ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை சேர்த்துக்கொண்டார். குறிப்பாக, ஊர் ஊராகக் கிளை வைத்திருந்த நிறுவனங்கள் இதை வற்புறுத்தி வாங்கின. வியாபாரம் நன்றாக நடந்த காலத்தில் யாரும் இந்த நிபந்தனையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தேவைக்கு மேல் கட்டினார்கள்

1954இல் அமெரிக்க வருமான வரிச் சட்டத்தில் ஒரு மாற்றம் வந்தது. புதுக் கட்டடத்தின் தேய்மானத்தை ஆரம்ப ஆண்டுகளிலேயே பெருமளவில் கழித்துக்கொள்ளலாம் என்றது அது. விளைவு? ஒரு சட்டைகூட விற்றறியாத பணக்காரர்களும் வரியை மிச்சப்படுத்த மால் கட்டக் கிளம்பினார்கள். ஊருக்கு வெளியே மலிவு விலையில் நிலம் கிடைத்தது. சாலையை அரசு போட்டுக் கொடுத்தது. ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்கள் எவ்வளவு வாங்குவார்கள் என்ற கணக்கை யாரும் போடவில்லை.

பின்னாளில் கணக்குப் பார்த்தபோது, எல்லா வகை வணிக வளாகங்களையும் சேர்த்து, அமெரிக்காவில் தலைக்குச் சுமார் 23 சதுர அடி கடை இடம் இருந்தது. பிரிட்டனில் 5 சதுர அடிகூட இல்லை. அமெரிக்கர் எவ்வளவுதான் வாங்கினாலும், பிரிட்டிஷ்காரரைப் போல நான்கு மடங்குக்கு மேல் வாங்கிக் குவிக்க முடியுமா?

முதல் தூண் விழுகிறது

தலைக்கடைகளில் தலையாயது சியர்ஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தபால் வழி வியாபாரமாகத் தொடங்கிய ஸ்தாபனம் அது. தலையணை கனத்துக்கு ஒரு விலைப் புத்தகம் அச்சிட்டு வீடுதோறும் அனுப்பும்; கிராமத்து விவசாயி அதைப் பார்த்துக் கடிதம் எழுதிச் சரக்கை வரவழைத்துக் கொள்வார். 1925இல்தான் முதல் கடை திறந்தார்கள். பிறகு மால்கள் பெருகப் பெருக, சியர்ஸும் பெருகியது. 1993இல் அந்தப் பெரிய விலைப் புத்தகத்தை நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஆண்டு, 1994இல், அமேசான் பதிவு செய்யப்பட்டது! வீட்டில் இருந்தபடியே பட்டியலைப் பார்த்து வாங்கும் பழக்கத்தை நாடு முழுவதற்கும் கற்றுக் கொடுத்தவர்கள், அது புது உருவில் திரும்பி வரும் வேளையில் கடையைக் கட்டிக்கொண்டார்கள்.

சியர்ஸை வீழ்த்தியதில் ஆன்லைனுக்குச் சமமான பங்கு, மலிவு விலையில் விற்ற வால்மார்ட்டுக்கும் டார்கெட்டுக்கும் உண்டு. டார்கெட் யாருடையது தெரியுமா? சவுத்டேலைக் கட்டிய அதே டேட்டன்ஸ்காரர்கள் 1962இல் தொடங்கியது. போதாக்குறைக்கு, 2015இல் சியர்ஸ் தன் சொந்தக் கட்டடங்களில் இருநூற்றுக்கும் மேற்பட்டவற்றை ஏறத்தாழ 270 கோடி டாலருக்கு வேறொரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டு, அவற்றிலேயே வாடகைக்கு இருந்தது. சொந்தக் கட்டடம் என்பது மந்தக் காலத்தில் வியாபாரிக்கு எத்தனை பெரிய பலம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. 2018 அக்டோபரில் சியர்ஸ் திவால் மனு கொடுத்தது.

பொம்மைக் கடையான டாய்ஸ் ஆர் அஸ் கதையும் ஏறத்தாழ இதுதான். 2005இல் மூன்று முதலீட்டு நிறுவனங்கள் கடன் வாங்கி அதை விலைக்கு வாங்கின. அந்தக் கடனைக் கடையின் கணக்கிலேயே ஏற்றின. ஐநூறு கோடி டாலருக்கு மேற்பட்ட கடன். ஆண்டுக்கு ஏறத்தாழ 40 கோடி டாலர் வட்டிக்கே போனது. 2017இல் திவால், 2018இல் அமெரிக்கக் கடைகள் அனைத்தும் மூடல்.

தலைக்கடை ஒன்று மூடப்பட்டதும் என்ன நடக்கும்? அந்த முனைக்கு நடப்பவர்கள் நின்றுபோவார்கள். இடையில் இருக்கும் கடைகள் பழைய நிபந்தனையை எடுத்து நீட்டும். வாடகை பாதியாகும், சில கடைகள் காலி செய்யும். மால்காரரின் வரவு குறையும், வங்கிக் கடன் குறையாது. முதலில் நீரூற்று நிற்கும், பிறகு குளிர்சாதனம் தகராறு செய்யும், பிறகு வாகன நிறுத்தத்தில் பாதி விளக்கு எரியாது. இதைப் பார்த்து மேலும் சிலர் கிளம்புவார்கள். இரண்டாவது தலைக்கடையும் போனால் கதை முடிந்தது. நல்ல வியாபாரம் செய்துகொண்டிருந்த சின்னக் கடைக்காரரும் இதில் சேர்ந்தே அழிகிறார். அவருடைய சரக்கிலும் குறையில்லை, நாணயத்திலும் குறையில்லை.

ஒஹாயோ மாநிலத்தில், கிளீவ்லாந்து அருகே, ராண்டால் பார்க் மால் 1976இல் திறக்கப்பட்டது. இருபது லட்சம் சதுர அடிக்கு மேல். உலகிலேயே பெரியது என்று விளம்பரம். 2009இல் மூடினார்கள், பிறகு இடித்தார்கள். 2018இல் அதே மனையில் அமேசான் கிடங்கு திறக்கப்பட்டது. அக்கம்பக்கத்தில் யூக்ளிட், ஆக்ரான் ஊர்களிலும் பழைய மால்கள் இருந்த மனைகளில் இன்று அமேசான் கிடங்குகள்தாம் நிற்கின்றன.

எல்லா மாலும் சாயவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வசதியானவர்கள் குடியிருக்கும் பகுதிகளில் பெரிய மால்கள் இன்றும் நடக்கின்றன. சவுத்டேலே இன்றும் இருக்கிறது. ஆனால் அங்கே மூடப்பட்ட ஒரு தலைக்கடையின் இடத்தில் 2019இல் வந்தது உடற்பயிற்சிக் கூடம்.

வரியில் கிடைத்த சலுகை

ஆன்லைன்காரர்களுக்கு இருபத்தாறு ஆண்டுகள் கிடைத்த ஓர் அனுகூலத்தை நம் சங்கத்தினர் அவசியம் கவனிக்க வேண்டும். ஒரு மாநிலத்தில் கடையோ கிடங்கோ இல்லாத வியாபாரி, அங்குள்ளவர்களுக்கு அனுப்பும் சரக்குக்கு விற்பனை வரி வசூலிக்க வேண்டியதில்லை என்று 1992இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தபால் வியாபாரத்தை மனதில் வைத்துச் சொன்ன தீர்ப்பு இது. ஆன்லைன் வியாபாரம் இந்தக் குடையின் கீழ் வந்து வசதியாக நின்றுகொண்டது. வாங்கியவர் தானாக முன்வந்து வரி கட்ட வேண்டும் என்று சட்டம் இருந்தது. கட்டியவர்கள் மிகச் சொற்பம். கடைக்காரர் நூறு டாலர் சரக்குக்கு ஏழு டாலர் வரி சேர்த்து பில் போடுகிறார் என்றால், ஆன்லைன்காரர் நூறு டாலரோடு நிறுத்துகிறார். ஏழு டாலர் லாபமே நிற்காத சரக்கில் எப்படிப் போட்டி போடுவது? கடைக்காரர்களின் அமைப்புகள் விடாமல் முறையிட்டன. 2018 ஜூனில், தெற்கு டகோட்டா மாநிலம் தொடுத்த வழக்கில் அந்தப் பழைய தீர்ப்பு மாற்றப்பட்டது. நியாயம் கிடைத்தது, ஆனால் அதற்குள் எத்தனையோ கடைகள் இல்லாமல் போயிருந்தன.

மளிகைக் கடை தப்பியது எப்படி?

மால்கள் சாய்ந்த அதே காலத்தில், சாலையோரமாக வரிசையாக நிற்கும் கூரையில்லாத சிறு வணிக வளாகங்கள், அதிலும் மளிகைக் கடையைத் தலைக்கடையாகக் கொண்டவை, பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. பாலும் காய்கறியும் வாங்க வாரம் ஒருமுறையாவது ஆள் வந்துதான் ஆக வேண்டும். பக்கத்தில் இருக்கும் சலவைக் கடையும் முடிதிருத்தும் கடையும் அந்தக் கூட்டத்தில் பிழைத்துக்கொண்டன.

மளிகையை ஆன்லைனில் விற்க முயற்சி நடக்காமல் இல்லை. வெப்வான் என்ற நிறுவனம் 1999இல் விற்பனையைத் தொடங்கியது. பெரிய பெரிய கிடங்கு, சொந்த வண்டி என்று பல கோடி டாலரை இறைத்து, 2001 ஜூலையில் திவாலானது. காரணம் எளிது. பத்து சதவீதம்கூட லாபம் நிற்காத சரக்கை ஒவ்வொரு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் கூலி எங்கிருந்து வரும்? அமேசானே 2017இல் 1,370 கோடி டாலர் கொடுத்து ஹோல் ஃபுட்ஸ் மளிகைக் கடைகளை விலைக்கு வாங்கியது. மளிகைக்குக் கடை வேண்டும் என்பதை அவர்களும் ஒப்புக்கொண்டதாகத்தானே பொருள்?

இதைப் படித்துவிட்டு "நமக்குப் பயமில்லை" என்று சாய்ந்து உட்கார முடியாது. அமெரிக்க வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. அங்கே கொண்டுபோய்க் கொடுக்கும் செலவு அதிகம். சென்னையிலும் கோவையிலும் ஒரே தெருவில் நூறு வீடு. வண்டியில் கொண்டுபோகும் பையன்களின் கூலியும் அமெரிக்கக் கூலி அல்ல. ஆகவேதான் பிளிங்கிட், ஸெப்டோ, இன்ஸ்டாமார்ட் போன்ற நிறுவனங்கள் நம் குடியிருப்புப் பகுதிகளுக்கு நடுவிலேயே, வாடிக்கையாளர் உள்ளே வராத கிடங்குகளைத் திறந்து, சில நிமிடங்களில் சாமானைக் கொடுத்து விடுகின்றன. அமெரிக்காவில் ஆன்லைன் முதலில் கை வைத்தது துணியிலும் புத்தகத்திலும்; இங்கே கை வைத்திருப்பது பாலிலும் பருப்பிலும்.

அந்தக் கிடங்குக்குத் தலைக்கடை வேண்டாம், முகப்பு வேண்டாம், சந்து பொந்தில் இருந்தாலும் போதும். அதன் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. அரைக் கிலோ உளுந்துக்கும் ஆள் அனுப்ப வேண்டும். தள்ளுபடி தர முதலீட்டாளர் பணம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பணம் எத்தனை ஆண்டு வரும் என்பதும், அதே தெருவில் அட்வான்ஸும் வாடகையும் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் மளிகைக் கடைக்காரர் அதுவரை தாக்குப்பிடிப்பாரா என்பதும்தான் இப்போது நம் முன் நிற்கும் கணக்கு.