மாலையைக் கழற்றிய சாயந்திரம்...

கார்த்திகை பிறந்ததும் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொள்கிறார் உங்கள் வீட்டுக்காரர். ஒரு மண்டலம் முழுக்க ஒரு சொட்டு கூடத் தொடுவதில்லை. மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றுகிறார். அன்று சாயந்திரமே பழைய கடை, பழைய கூட்டாளிகள்! "சாமிக்காக முடிஞ்சுது, எங்களுக்காக முடியலையா?" என்று நீங்கள் அழுதிருப்பீர்கள்.

நியாயமான கேள்விதான். ஆனால் அந்த நாட்களில் அவர் குடியை விடவில்லை, தள்ளிப்போட்டார். மனசு காலண்டரில் ஒரு தேதியைக் குறித்து வைத்திருந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். விடியற்காலையில் குளியல், சாயந்திரம் பஜனை, தெருவே அவரை 'சாமி' என்று கூப்பிட்டது. 'வாடா மாப்ளே' என்று யாரும் இழுக்கவில்லை. வெறும் வைராக்கியம் மட்டும் அவரைக் காப்பாற்றவில்லை. தன்னைப் பற்றிய நினைப்பே மாறியிருந்தது, பொழுதும் நிரம்பியிருந்தது. மாலையோடு சேர்ந்து இதெல்லாமும் ஒரே நாளில் கழன்றுவிடுகிறது!

அதற்காக, 'மனசு வைத்தால் போதும்' என்று சொல்லிவிடாதீர்கள். வருஷக்கணக்காகத் தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிந்து, மூளை குழம்பி, உயிருக்கே ஆபத்தாகலாம். இப்படிப்பட்டவர்கள் டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். வைட்டமின் பி1 ஊசி, நடுக்கத்துக்கு மருந்து என்று அந்த முதல் வாரம் உடம்புக்கானது.

மனசின் வேலை அதற்கப்புறம்தான் ஆரம்பம். ஆசை அலை மாதிரி வரும். ஏறும்போது தாங்கவே முடியாது போலிருக்கும், பெரும்பாலும் அரைமணி நேரத்தில் இறங்கிவிடும். 'ஆயுசுக்கும் தொடமாட்டேன்' என்பது மலைப்பாக இருக்கும். 'இன்னைக்கு மட்டும் வேண்டாம்' என்றால் அரைமணியைத் தாண்டிவிடலாம். 1935-ல் அமெரிக்காவில் ஆரம்பித்த 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' கூட்டங்களில் இன்றும் இதைத்தான் சொல்கிறார்கள். பசி, கோபம், தனிமை, அசதி... இந்த நான்கும் அலையைப் பெரிதாக்கும். ஆறு மணிக்குக் காலி வயிற்றோடு ஆபீஸை விட்டு வருபவர் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினாலே பாதி வேகம் குறையும்.

சரி, மூணு மாசம் நன்றாக இருந்தவர் ஒரு கல்யாண வீட்டில் ஒரு கிளாஸ் குடித்துவிட்டார். இப்போது அவர் மனசு என்ன சொல்கிறது என்பதுதான் முக்கியம். 'போச்சு, நான் இவ்வளவுதான்' என்று நினைப்பவர் அன்றைக்கே பாட்டிலை முடித்துவிடுவார். 'எங்கே சறுக்கினேன்?' என்று கேட்டுக்கொள்பவர் மறுநாளே டாக்டரிடம் போவார். அமெரிக்க மனோதத்துவ நிபுணர் ஆலன் மார்லட் இதைத்தான் விளக்கினார். ஒரு கிளாஸை விட, அதற்குப் பிறகு வரும் குற்ற உணர்ச்சியும் அவநம்பிக்கையும்தான் பெரிய கெடுதல் செய்கின்றன.

இங்கேதான் உங்கள் வாய்க்கும் வேலை. பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தால், அது உடைந்ததும் அவருக்கு மிஞ்சுவது அவமானம்தான். அவமானம் அவரை மறுபடி கடைக்குத்தான் அனுப்பும். போதையில் இருக்கும்போது பேசவே பேசாதீர்கள். காலையில், "மூணு மாசம் இருந்தீங்களே, நேத்து என்ன ஆச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். அதற்காக அவர் கடனை அடைக்கவோ, ஆபீஸுக்குப் போன் செய்து 'காய்ச்சல்' என்று பொய் சொல்லவோ வேண்டாம்!

'அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்' என்ற விளம்பரங்களையும் நம்பாதீர்கள். டைசல்ஃபிராம் மாத்திரை உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு வரும். ரத்த அழுத்தம் சரிந்து விபரீதம்கூட ஆகலாம். டாக்டர் சொல்லி, தெரிந்து, அவரே சாப்பிட வேண்டியது அது.

ஆஸ்பத்திரி என்றாலே அவர் எரிந்து விழுகிறாரா? 14446 என்ற இலவச எண்ணில் நீங்களே பேசலாம். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்றே 'அல்-அனான்' கூட்டங்கள் இருக்கின்றன. அவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம்.