மன்றத்தில் இடம் உண்டு, ஓட்டு இல்லை: மாற்றுத்திறனாளி நியமன உறுப்பினரால் என்ன செய்ய முடியும்?

தமிழக உள்ளாட்சி மன்றங்களில் நியமன உறுப்பினராக விரும்பும் மாற்றுத்திறனாளிகள் விண்ணப்பிக்க 2025 ஜூலை 17 கடைசி நாளாக இருந்தது. இதையொட்டி வந்த வாசகர் கடிதங்களில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது இதுதான்: "நானும் கவுன்சிலர்தானா?"

கூட்டத்தில் உட்காரலாம், பேசலாம். ஓட்டுப் போட முடியாது. நகராட்சி நிர்வாகத்தில் அனுபவமோ சிறப்பறிவோ உள்ளவர் என்ற வகையில் நியமிக்கப்படுவோருக்கு ஓட்டுரிமை கிடையாது என்று அரசியலமைப்பின் 243-ஆர் பிரிவே சொல்கிறது. 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் இதற்கான மசோதாவைக் கொண்டுவந்த முதல்வர், நகர்ப்புற மன்றங்களில் அப்போது 35 மாற்றுத்திறனாளிகளே இருந்தார்கள், இனி 650 பேர் நியமிக்கப்படுவார்கள் என்றார். வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் இதை அதிகாரத்தில் பங்கு என்று அரசு சொல்லும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பது மக்கள் அல்ல, அரசு நிர்வாகம். நடைபாதை ஏன் இப்படி இருக்கிறது என்று அவர் கேட்க வேண்டியதும் அதே நிர்வாகத்தைத்தான். ஆணையரோடு மோதும் கவுன்சிலருக்குப் பின்னால் அவருடைய வார்டு நிற்கும். நியமன உறுப்பினருக்கு அப்படி ஒரு வார்டு கிடையாது. ஓட்டு இல்லாததைவிட எனக்கு இதுதான் பெரிய கவலை.

மன்றத்தில் ஓட்டெடுப்பு வரை போகும் விஷயங்கள் குறைவு. அஜெண்டாவில் வரும் தீர்மானங்கள் பெரும்பாலும் மொத்தமாக நிறைவேறிவிடும். வேலை எப்படி நடக்கும் என்பது அதற்கு முன்பே, எஸ்டிமேட் போடும் மேசையில் முடிவாகிவிடுகிறது.

சாய்தளத்தையே எடுத்துக்கொள்வோம். மத்திய அரசின் வழிகாட்டி நெறிமுறை கேட்கும் சரிவு 1:12. அதாவது 15 செ.மீ. உயரத்தில் மூன்று படிகள் இருந்தால், சாய்தளம் 5.4 மீட்டர் நீள வேண்டும், கைப்பிடியும் வேண்டும். எஸ்டிமேட்டில் 'சாய்தளம் - 1' என்று மட்டும் எழுதியிருந்தால், இரண்டு மீட்டருக்குள் சறுக்குமரம்போல் கான்கிரீட்டைக் கொட்டிவிட்டு பில் வாங்கிவிடலாம். கணக்குப்படி அந்தக் கட்டிடத்தில் சாய்தளம் இருக்கிறது. ஆனால் சக்கர நாற்காலியில் வருபவர் பின்னால் ஆள் தள்ளாமல் ஏற முடியாது. இறங்கும்போது முன்பக்கம் குப்புற விழாமல் இருக்க யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். இந்த எஸ்டிமேட்டை வேலை தொடங்கும் முன்பே வாங்கிப் படித்து, "நீளம் எவ்வளவு?" என்று கேட்க ஓட்டுரிமை தேவையில்லை.

நியமன உறுப்பினர் கையில் எடுக்க வேண்டிய சட்டமும் ஒன்று இருக்கிறது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 44-வது பிரிவுப்படி, அணுகல் விதிகளுக்கு உட்படாத கட்டிட வரைபடத்துக்கு அனுமதி தரக் கூடாது. கட்டி முடித்தாலும் நிறைவுச் சான்றிதழ் தரக் கூடாது. நகரங்களில் பெரும்பாலான கட்டிடங்களுக்கு அனுமதி தருவது யார்? இதே நகராட்சிதான். "கடந்த மூன்று மாதத்தில் அனுமதி பெற்ற வரைபடங்களில் எத்தனையை 44-வது பிரிவின்படி சரிபார்த்தீர்கள்?" என்று கூட்டத்தில் கேட்டு, கேள்வி மினிட்ஸில் ஏறியதா என்று பார்த்துக்கொண்டால் போதும். பிறகு அந்த நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் யாரும் வாங்கலாம், நீதிமன்றத்துக்கும் கொண்டுபோகலாம். பழைய பொதுக் கட்டிடங்களை மாற்றியமைக்கத் தந்த ஐந்தாண்டுக் கெடு 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது. அணுகல் தரத்தை வெறும் பரிந்துரையாக விட்டுவிட முடியாது, கட்டாய விதி வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் 2024 நவம்பரில் சொல்லிவிட்டது. மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 அன்று பேரணி நடத்திப் புகைப்படம் எடுப்பதை விழிப்புணர்வு என்று கணக்கில் காட்டும் மன்றங்களிடம் இந்தக் கேள்விகளைத்தான் முதலில் வைக்க வேண்டும்.

மற்ற கேள்விகள்:

தேர்தலில் நிற்க வேண்டுமா? வேண்டாம், இது நியமனம்.

சென்னைக்கு எத்தனை பேர்? 200 வார்டு உள்ள மாநகராட்சிக்கு இருவர். போதாது.

எவ்வளவு காலம்? விண்ணப்பம் கேட்கப்பட்ட நகர்ப்புற மன்றங்கள் 2022 பிப்ரவரியில் தேர்ந்தெடுக்கப்பட்டவை. ஆயுள் 2027 தொடக்கம் வரை. 2025 ஜூலையில் விண்ணப்பித்தவர்களுக்குக் கிடைப்பது அதிகபட்சம் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு.

தனி வார்டு ஏன் ஒதுக்கவில்லை? உள்ளாட்சி இட ஒதுக்கீடு பற்றிப் பேசும் அரசியலமைப்புப் பிரிவுகளில் மாற்றுத்திறனாளிகள் பெயர் இல்லை. அதைச் சேர்க்க நாடாளுமன்றத்தை வலியுறுத்துவதாகத் தமிழகக் கட்சிகள் எழுத்தில் சொல்லட்டும்.

ஊராட்சிகளில்? பெரும்பாலான மாவட்டங்களில் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்து தனி அலுவலர்கள் நியமிக்கப்பட்டார்கள். அத்துடன் கூடிப் பேச அங்கே மன்றமே இல்லாமல் போனது. தேர்தல் தேதியை அரசு அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

மன்றக் கூடம் லிப்ட் இல்லாத மாடியில் இருந்தால்? கூட்டத்தைத் தரைத்தளத்துக்கு மாற்றும்படி நியமன ஆணை வந்த அன்றே ஆணையருக்கு எழுதுங்கள். சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும், அஜெண்டா திரைவாசிப்பான் படிக்கக்கூடிய கோப்பாக வேண்டும் என்பதையும் அதே கடிதத்தில் சேர்த்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.