சர்க்கார் தாயாகுமா?

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்று தெற்கே பார்த்தால் மலைக்கோட்டை தெரியும். இரவில் உச்சிப் பிள்ளையார் கோயில் விளக்குகள் ஆகாயத்தில் தொங்குவது போலத் தோன்றும். அந்த மலையில் கோயில் கொண்டிருக்கும் ஈசுவரனுக்குத் தாயுமானவர் என்று திருநாமம். அந்தப் பெயர் வந்த கதை நேயர்கள் அறியாததல்ல. இரத்தினாவதி என்னும் செட்டிப் பெண்ணுக்குப் பேறு காலம் நெருங்கியது. துணைக்குப் புறப்பட்டு வந்த தாயாரால் காவிரி வெள்ளத்தைக் கடக்க முடியவில்லை. மகளோ வலியால் துடித்துக் கொண்டிருந்தாள். அப்போது இறைவனே தாயின் வடிவம் எடுத்து வந்து பிரசவம் பார்த்தான். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வாசலில் வந்து நின்றபோது, வந்த தாய் மறைந்தாள்.

கதையின் முற்பகுதியைச் சொல்லி உருகுகிறவர்கள் பிற்பகுதியை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. பெற்றவள் வர முடியாதபோது வந்தான். பெற்றவள் வந்ததும் போய்விட்டான். இரண்டும் சேர்ந்ததுதான் தாயுமானவர் தன்மை.

இந்தக் கதையை இப்போது நான் எடுத்ததற்குக் காரணம் உண்டு. குழந்தையின் தேகத்தைப் பற்றிய விஷயத்தில் கடைசி வார்த்தை யாருடையது? பெற்றோருடையதா, சர்க்காருடையதா? இருபது வருஷத்துக்கு மேலாக உபாத்தியாயர் தொழில் பார்த்து வரும் எனக்கு, இந்தக் கேள்வி இரண்டு முறை நேருக்கு நேர் வந்தது. முதல் முறை நான் சர்க்காரின் பக்கம் நின்று தவறு செய்தேன். இரண்டாம் முறை என்ன செய்தேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வராத கடிதம்

2017-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம். தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள குழந்தைகளுக்கெல்லாம் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போடும் இயக்கம் தொடங்கியது. தட்டம்மை குழந்தைகளைக் கொல்லக்கூடிய நோய். ரூபெல்லாவோ கர்ப்பிணிகளுக்குக் கண்டால் வயிற்றிலுள்ள சிசுவின் கண்ணையும் காதையும் இருதயத்தையும் கெடுக்கும். இயக்கத்தின் நோக்கத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதே வாரத்தில் வாட்ஸ்அப் வழியாக வதந்திகள் பறந்தன. பெற்றோர் பலர் பயந்து குழந்தைகளை வீட்டிலேயே நிறுத்திக் கொண்டார்கள்.

நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் பெற்றோருக்குக் கடிதம் கொடுத்தனுப்பினோம். என் வகுப்பில் ஒரு பெண்ணின் கடிதம் திரும்பி வரவில்லை. 'வராதது சம்மதத்துக்கு அடையாளம்' என்று எனக்கு நானே சொல்லிக் கொண்டு அவளையும் வரிசையில் நிறுத்தினேன். வகுப்பில் நூற்றுக்கு நூறு என்று எழுத வேண்டுமென்ற ஆசையும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஊசி போட்டாயிற்று. குழந்தைக்கு ஒரு கெடுதலும் நேரவில்லை.

மறுநாள் அவளுடைய தகப்பனார் வந்தார். காந்தி மார்க்கெட்டில் ஒரு மண்டியில் கணக்கு எழுதுகிறவர். சண்டை போடத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் குரலை உயர்த்தவேயில்லை.

"ஸார், கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன். ரெண்டு நாள் யோசிச்சுட்டுக் கொடுக்கலாம்னு கடுதாசியைப் பையிலே வெச்சிருந்தேன். என்னைக் கேக்காமே எம் பொண்ணு கையிலே ஊசி ஏறினதுதான், ஸார், மனசுக்கு என்னவோ போல இருக்கு."

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, 2019 ஜனவரியில், இதே தடுப்பூசி பற்றி டில்லி உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. பெற்றோரின் சம்மதம் வேண்டும்; ஊசியின் நன்மையோடு அதனால் நேரக்கூடிய உபாதைகளையும் அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்; கடிதம் திரும்பி வராவிட்டால் வகுப்பு உபாத்தியாயர் தொலைபேசியில் பெற்றோரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்; உரிய அறிவிப்புக் கொடுத்தும் கடிதமும் வராமல், ஆளும் அகப்படாமல் போனால்தான் சம்மதம் என்று கொள்ளலாம் என்பது அதன் சாரம். அதைப் படித்தபோது அந்தத் தகப்பனாரின் முகம் என் கண்முன் வந்தது. ஒரு தொலைபேசிப் பேச்சு! இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். அந்த இரண்டு நிமிஷத்தை நான் கொடுக்கவில்லை.

அம்மை குத்தின காலம்

இந்த வழக்கு நேற்று முளைத்ததல்ல. பெரியம்மையைத் தடுக்க அம்மைப் பால் குத்தும் முறை 1802-இல் நம் தேசத்துக்கு வந்தது. 1880-இல் இந்திய சர்க்கார் ஒரு சட்டம் செய்தார்கள். அந்தச் சட்டம் அமலான நகரங்களில் குழந்தைகளுக்கு அம்மை குத்தியே தீர வேண்டும்; தவறினால் பெற்றோருக்குத் தண்டனை. 1899-இல் அம்மைப் பால் தயாரிப்பதற்கென்றே கிண்டியில் கிங் இன்ஸ்டிட்யூட் ஏற்பட்டது. ஆனால் ஜனங்களுக்கோ அம்மை என்றால் நோய் மட்டுமல்ல, அவள் சமயபுரத்தாள். பக்தர்களுக்காகத் தானே 28 நாள் பச்சைப் பட்டினி கிடக்கிறாள் என்று நாம் கொண்டாடும் தாய். அவள் வீட்டுக்கு வந்தால் வேப்பிலை கட்டி உபசரிக்க வேண்டுமே தவிர, கத்தியோடு எதிர்கொள்வதா என்று எண்ணினார்கள். அன்னிய சர்க்காரின் சேவகன் வந்து குழந்தையின் கையைக் கீறுவதில் இருந்த அவமானம் வேறு.

இந்தப் பிடிவாதத்தை மூடத்தனம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அந்தச் சீமையிலேயே 1853-இல் கட்டாயமாக்கிய அம்மைச் சட்டத்தை ஜனங்கள் எதிர்த்த எதிர்ப்பில், 1898-இல் மனச்சாட்சி இடம் கொடாதவர்களுக்கு விலக்கு அளிக்க நேர்ந்தது. அந்த விலக்கு அங்கே உள்ளவர்களுக்கு, நமக்கல்ல!

அப்படியானால் சர்க்கார் தவறா? அதுவும் இல்லை. 1975-க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை. 1980 மே மாதம் உலகத்திலேயே இல்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. கண்ணிழந்து, முகம் தழும்பேறி, பிள்ளைகளைப் பறிகொடுத்து நின்ற எத்தனையோ தலைமுறைகளின் துயரம் அதோடு முடிந்தது. ஆனால் கடைசி வருஷங்களில் வடக்கே சில கிராமங்களில் கதவைத் திறக்க மறுத்தவர்களைப் பிடித்து அமுக்கி ஊசி போட்டார்கள் என்பதும் சரித்திரம். அந்தக் கசப்பு அடுத்து வந்த தடுப்பூசிகளின் மேல் ஜனங்களுக்குச் சந்தேகமாகத் தங்கிவிட்டது. போலியோ சொட்டு மருந்தோ வீடு வீடாக நடந்து, கேட்டு, மறுத்த வீட்டுக்கு மறுபடியும் போய், நயமாகச் சொல்லிக் கொடுக்கப்பட்டது. 2011 ஜனவரிக்குப் பிறகு காட்டு வைரஸால் இந்தியாவில் ஒரு குழந்தையும் போலியோவுக்கு ஆளாகவில்லை.

மகாத்மாவின் கலக்கம்

பெற்றோரின் உரிமைக்காகப் பேசுகிறவர்கள் காந்தியடிகளின் சுயசரிதையில் மணிலால் நோயுற்ற கதையைப் படிக்க வேண்டும். பம்பாயில் பத்து வயதுப் பையனுக்கு டைபாய்டு ஜுரமும் நிமோனியாவும் சேர்ந்து வந்தன. முட்டையும் கோழிச் சாறும் கொடுக்க வேண்டுமென்றார் பார்ஸி டாக்டர். புலால் உண்ணாமையை மதமாகக் கொண்ட காந்தி மறுத்தார். தண்ணீர் வைத்தியம் செய்தார். பழரசம் மட்டும் கொடுத்தார். ஜுரம் 104 டிகிரிக்கு ஏறிற்று. தம்முடைய பரீட்சைகளைப் பிள்ளையின் மேல் சுமத்தத் தமக்கு என்ன பாத்தியதை உண்டு என்று அவர் மனம் குழம்பியது. ஈரத் துணி சுற்றிவிட்டு, நெஞ்சு பதைபதைக்கச் சௌபாத்திக் கடற்கரைக்கு நடந்தார். திரும்பி வந்தபோது பையனுக்கு வியர்த்திருந்தது, பிழைத்துக் கொண்டான்.

இதில் என் மனத்தைத் தொடுவது மூன்று விஷயங்கள். பையனிடமே சொல்லி அவன் சம்மதத்தைப் பெற்றார். நாடியையும் மார்பையும் பார்த்துச் சொல்லும்படி டாக்டரை விடாமல் வரவழைத்தார். பிழைத்தது எதனால் என்று தமக்கு நிச்சயமில்லை என்றும் எழுதினார். ஆனாலும், அன்று மணிலால் பிழைத்திராவிட்டால்? மகாத்மாவின் அன்பில் யாருக்குச் சந்தேகம் வரும்? அன்பு இருந்தால் போதுமா என்பதுதான் கேள்வி.

சுதந்திரம் வந்த பிறகு இதே வாதத்தைச் சென்னையில் எழுப்பியவர் ராஜாஜி. க்ஷயரோகத்தைத் தடுக்க பி.சி.ஜி. ஊசியைக் குழந்தைகளுக்குக் கூட்டம் கூட்டமாகப் போடுவதை அவர் 1955-இல் பகிரங்கமாக எதிர்த்தார். சிறு புத்தகமே வெளியிட்டார். பிற்பாடு செங்கற்பட்டு ஜில்லாவில் 1968-இல் தொடங்கிய பெரிய ஆராய்ச்சியின் முடிவு, வயது வந்தோரின் நுரையீரல் க்ஷயத்தை அந்த ஊசி தடுக்கவில்லை என்று 1979-இல் காட்டியது. அதற்காக ராஜாஜி சொன்னதெல்லாம் சரியென்று ஆகிவிடாது. பச்சைக் குழந்தைகளின் மூளைச் சவ்வைத் தாக்கும் கொடிய க்ஷயத்திலிருந்து அது காப்பாற்றுகிறது. ஆகையால்தான் இன்றும் பிறந்தவுடன் போடுகிறார்கள். ஆனால் கேள்வி கேட்டவரை அறிவிலி என்று தள்ளக் கூடாது என்பதற்குச் செங்கற்பட்டு ஒரு பாடம்.

குதிருக்குள் ஒளிந்த பெண்

இனி, இரண்டாம் சம்பவம். சில வருஷங்களுக்கு முன் என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். அவனுக்குச் சிறு வயதிலேயே வரும் நீரிழிவு. அவன் தேகம் இன்ஸுலினைத் தானாக உண்டாக்காது. தினமும் ஊசி போட்டுக் கொள்ள வேண்டும். ஒரு வாரமாகப் பையன் ஓயாமல் தண்ணீர் குடித்தான், மணிக்கு இரு தரம் வெளியே போனான், முகம் ஒட்டிவிட்டது. விசாரித்தேன். யாரோ சொன்னார்கள் என்று தகப்பனார் ஊசியை நிறுத்திவிட்டுச் சூரணம் கொடுத்து வருகிறார்!

அன்று மாலையே ஸ்ரீரங்கத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பையன் பாயில் படுத்திருந்தான். இரண்டு தரம் வாந்தி எடுத்திருந்தான். மூச்சு வேகமாக வாங்கியது.

"எம் புள்ளை, ஸார். தினம் குத்திக் குத்தி அவன் தொடையைப் பாருங்க. அதைப் பாக்கிற கஷ்டம் எனக்குத்தான் தெரியும்" என்றார் தகப்பனார்.

பொய் இல்லை. அவர் கண்ணில் நீர் நின்றது. என் சட்டைப் பையில், குழந்தைகளின் ஆபத்துக்கு உதவும் 1098 என்ற எண்ணைக் குறித்த சீட்டு இருந்தது. "இந்த ராத்திரி ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் நான் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிடுவேன்" என்றேன். அவர் முகம் கடுத்தது.

அப்போது உள்ளேயிருந்து அவருடைய தாயார் வந்தார். எண்பதை நெருங்கிய கிழவி. முகமெல்லாம் அம்மைத் தழும்பு.

"லால்குடிப் பக்கம் எங்க ஊருக்கு அம்மை குத்துறவன் வருவான், தம்பி. வந்தான்னா எங்கம்மா என்னையும் தம்பியையும் குதிருக்குள்ளே ஒளிச்சு வெச்சிடும். எங்க மேலே வெச்ச ஆசையிலேதான் வெச்சது. ஆசையிலே ஒண்ணும் குறைச்சல் இல்லே. மறு வருசம் ஆத்தா வந்தா. தம்பியைக் கொண்டு போயிட்டா. என்னை இப்படி விட்டுட்டுப் போனா." பிறகு மகனைப் பார்த்து, "எந்திரிடா, ஆட்டோவைக் கூப்பிடு" என்றார்.

பையன் பிழைத்தான். தகப்பனார் பிறகு வெகு நாள் என்னோடு பேசவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

1860-இல் இயற்றப்பட்ட இந்தியன் பீனல் கோடு இந்த விஷயத்தில் தெளிவாக இரண்டு வார்த்தை சொன்னது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் நன்மைக்காக, பாதுகாவலரின் சம்மதத்தோடு, நல்லெண்ணத்துடன் செய்யும் சிகிச்சை குற்றமாகாது என்றது 89-ஆம் பிரிவு. சம்மதம் கேட்க அவகாசமே இல்லாத ஆபத்தில் கேளாமலே செய்யலாம் என்றது 92-ஆம் பிரிவு. 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இவை தொடர்கின்றன. வெள்ளத்தில் தாய் சிக்கிக்கொண்டால் வேறொருவர் தாயாகலாம் என்பதுதான் இதன் பொருள்.

தாய் பக்கத்திலேயே நின்று 'வேண்டாம்' என்றால்? அங்கேதான் குழந்தைகள் நலச் சட்டம் வருகிறது. 2015-இல் இயற்றப்பட்ட இளைஞர் நீதிச் சட்டம், குழந்தையை வேண்டுமென்றே கவனியாமல் விட்டு வீண் துன்பத்துக்கு உள்ளாக்குவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. காவலற்ற குழந்தைகளைப் பற்றி முடிவு செய்ய ஜில்லா தோறும் குழந்தைகள் நலக் குழு உண்டு. மாஜிஸ்திரேட்டின் அதிகாரமும் அதற்கு உண்டு. மறு பக்கம், 2022 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு, எவரையும் பலவந்தப்படுத்தித் தடுப்பூசி போட முடியாது என்றும், தன் தேகத்தின் மேல் ஒருவருக்குள்ள உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் அடங்கியது என்றும் கூறியது.

அதிகாரம் மிஞ்சிப் போகக்கூடும் என்ற பயமும் வீண் அல்ல. 2017-இல் லண்டனில் ஒரு சிசுவின் பெற்றோர், அமெரிக்காவில் ஒரு புதிய சிகிச்சையைச் செய்து பார்க்க விரும்பினார்கள். ஆஸ்பத்திரி அது பயனற்ற வேதனை என்றது. கோர்ட்டுகளும் அதையே ஏற்றன. குழந்தை இறந்தது. அங்கே பெற்றோர் சிகிச்சை வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்றே மன்றாடினார்கள். தீர்ப்பு வைத்திய சாஸ்திரப்படி சரியாகவே இருக்கலாம். ஆயினும் அதைப் படித்த எந்தத் தாய் தகப்பனுக்கும் நெஞ்சு ஒரு கணம் நின்றுவிடும்.

இரண்டு சம்பவங்களையும் எதிரெதிரே வைத்து நான் பல நாள் யோசித்தேன். முதலாவதில் அவசரம் இல்லை; இரண்டு நாள் பொறுத்தால் அந்தத் தகப்பனார் தாமே கையெழுத்துப் போட்டிருப்பார். இரண்டாவதில் ஒரு நாள் பொறுத்தால் பையன் இருந்திருக்க மாட்டான்; வைத்திய சாஸ்திரத்தில் அதற்கு இரண்டாவது அபிப்பிராயமும் கிடையாது. சர்க்காரின் கை எப்போது நீளலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த அளவுகோல் இதுதான்: குழந்தையின் உயிருக்கு ஆபத்து நிச்சயமாக இருக்க வேண்டும்; மருந்தின் பலன் நிச்சயமாக இருக்க வேண்டும்; கேட்டுச் சொல்லித் திருத்த அவகாசம் இல்லாதிருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால் தயங்கக் கூடாது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் கதவைத் தட்டிக் காத்திருக்க வேண்டும்.

போன மாதம் அந்தப் பையன் என்னைப் பார்க்க வந்தான். இப்போது கல்லூரியில் படிக்கிறான். தன் ஊசியைத் தானே போட்டுக் கொள்கிறான். கூடவே தகப்பனாரும் வந்திருந்தார். "அன்னைக்கு நீங்க சீட்டை எடுத்திருப்பீங்களா, ஸார்?" என்று கேட்டார்.

"எடுத்திருப்பேன்" என்றேன்.

சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எடுக்காமே விட்டது நல்லதாப் போச்சு" என்றார்.

அவர் சொன்னதும் சரி. நான் சொன்னதும் சரி என்றே இன்று வரை நினைக்கிறேன்.