8டி ரிப்போர்ட்டை ஏஐ எழுதலாமா?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் குவாலிட்டியில வேலை பார்க்குறவங்க தூக்கத்தைக் கெடுக்குற ஒரு பேப்பர் இருக்கு: 8டி ரிப்போர்ட். நீங்க சப்ளை பண்ண பார்ட்ல குறை வந்தா, என்ன ஆச்சு, ஏன் ஆச்சு, இனி எப்படித் தடுப்பீங்கன்னு எட்டுப் படியில கஸ்டமருக்கு எழுதிக் கொடுக்கணும். 1987-ல ஃபோர்டு கையேடாப் போட்ட முறை இது. மறைமலைநகர்ல ஃபோர்டு கார் தயாரிப்பு 2022-ல நின்னுடுச்சு. இந்த ரிப்போர்ட் நிக்கல.

இப்போ நிறைய பேர் இதை சாட்ஜிபிடியில எழுதுறாங்க. சில மேனேஜர்களுக்கு இது ஏமாத்து வேலை. எனக்கு அப்படித் தோணல. தமிழ் மீடியம் படிச்சு டிப்ளமோ முடிச்ச ஒருத்தருக்கு மெஷின் அத்துப்படியா இருக்கும். இங்கிலீஷ்ல நாலு பத்தி எழுதணும்னா தயங்குவார். அதைப் படிக்கிற கொரியாக்காரருக்கும் ஜப்பான்காரருக்கும் இங்கிலீஷ் தாய்மொழி இல்ல. இலக்கணத்தை ஏஐ சரி பண்ணிக் கொடுத்தா யாருக்கு நஷ்டம்?

சிக்கல் டி4-ல வருது. நாலாவது படி, மூல காரணம். ஒரு பிராக்கெட்ல துளை அரை மில்லிமீட்டர் தள்ளிப் போயிருக்குன்னு வைங்க. இந்த ஒரு வரியை மட்டும் கொடுத்து ‘ரூட் காஸ் எழுது’ன்னா, ‘ஆபரேட்டர் கவனக்குறைவு, பயிற்சி போதல’ன்னு அழகா எழுதித் தர வாய்ப்பு அதிகம். ஏன்னா மனுஷங்களே காலங்காலமா எழுதிட்டு வர்ற சாக்கு அது. அடுத்து எந்த வார்த்தை பொருந்தும்னுதான் ஏஐ கணக்குப் போடுது. ஃபிக்ஸர்கிட்ட குனிஞ்சு பார்க்கல. அங்க லொக்கேட்டிங் பின் தேஞ்சு போயிருந்தா அதுக்கு எப்படித் தெரியும்?

பின் அப்படியே இருக்கும். நைட் ஷிஃப்ட்ல நின்ன கான்ட்ராக்ட் தொழிலாளி பேர் கெடும். அந்த ரிப்போர்ட்டை அவர் கண்ணுல கூட காட்டியிருக்க மாட்டாங்க. முன்னாடி இங்கிலீஷ் தட்டுத்தடுமாறி இருந்தா கஸ்டமர் திருப்பிக் கேள்வி கேட்பாங்க. இப்போ வழவழன்னு இருக்கிறதால அப்படியே க்ளோஸ் ஆகிடுது. அடுத்த மாசம் அதே குறை.

அதனால முதல்ல லைனுக்குப் போங்க. ‘ஏன்?’னு அஞ்சு தடவை கேட்கிறதை ஆபரேட்டரோட நின்னு தமிழ்லயே எழுதுங்க, அளந்த நம்பரோட. அதுக்கப்புறம் ஏஐகிட்ட, ‘இதுல இல்லாத எதையும் சேர்க்காம இங்கிலீஷ்ல மாத்து’ன்னு கொடுங்க. வந்ததை வரிக்கு வரி பாருங்க, சேர்க்காதேன்னாலும் சில சமயம் சேர்க்கும்.

கஸ்டமர் டிராயிங்கை மட்டும் உள்ள போட்டுடாதீங்க. 2023-ல சாம்சங் ஊழியர்கள் சிலர் சோர்ஸ் கோடை சாட்ஜிபிடியில போட்டது தெரிஞ்சதும், கம்பெனி கம்ப்யூட்டர்கள்ல இந்த மாதிரி டூல்களையே தடை பண்ணிட்டாங்க. நம்ம ஸ்ரீபெரும்புதூர்ல ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் செய்யுற அதே சாம்சங்தான்.

ஏஐ யூஸ் பண்ணதை கஸ்டமர்கிட்ட சொல்லணுமா? கேட்டா ஒளிக்காம சொல்லுங்க. டி4-க்குக் கீழ தேஞ்ச பின்னோட போட்டோவும் அளவும் இருந்தா, அவங்க கேட்கப் போறது வேற கேள்வி: ‘மத்த ஃபிக்ஸர்கள்ல பின்னைப் பார்த்தாச்சா?’